124 கிலோவில் 60 சதவீதம் போனால் மிச்சம் 50 தானுங்களே? எடைக்குறைப்பு ஆபரேஷன் செய்தவர்கள் சொல்லுங்க

தறிக்காரன், குமாரபாளையம்

வணக்கமுங்க. வயது 41, உயரம் 165 செ.மீ., எடை 124 கிலோ. சர்க்கரை வந்து ஒன்பது வருடம் ஆகிறது. மாத்திரை போதாமல் போன தீபாவளியிலிருந்து இன்சுலினும் சேர்ந்துகொண்டது. ராத்திரி நான் விடும் குறட்டைக்குத் தறிச் சத்தமே தேவலை என்கிறாள் வீட்டுக்காரி. கோவையில் காட்டிய டாக்டர் பேரியாட்ரிக் ஆபரேஷன் செய்துகொள்ளலாம் என்கிறார். இரைப்பையைச் சின்னதாக்கும் முறையில் ஸ்லீவா பைபாஸா என்பதை எண்டோஸ்கோபி பார்த்துவிட்டுச் சொல்வாராம்.

அங்கே கொடுத்த தாளில் "60 முதல் 70 சதவீதம் குறையும்" என்று போட்டிருக்கிறது. மச்சான் உடனே போனில் கணக்குப் போட்டு, "மாமா, 124இல் அறுபது சதவீதம் போனால் 50 கிலோதான், பழைய பேன்ட்டையெல்லாம் எடுத்து வையுங்க" என்கிறான். 50 கிலோ என்பது நான் ஒன்பதாவது படிக்கும்போது இருந்த எடை.

நிஜமாக எவ்வளவு குறையும், எத்தனை மாதத்தில்? வைகாசியில் அக்கா மகள் கல்யாணம். தாய்மாமனாகச் சீர் கொண்டுபோய் நிற்க வேண்டியவன் நான். இப்போது தை. மாசியில் ஆபரேஷன் என்றால் அதற்குள் ஆள் மாதிரி ஆகிவிடுவேனா?

பெருந்துறை அக்கா

தம்பி, உங்க மச்சானுக்குக் கணக்கு வரும், தாளைப் படிக்கத்தான் வரவில்லை. அந்த 60 சதவீதம் உங்க 124க்கு இல்லை, அதில் அதிகப்படியாக இருக்கும் எடைக்கு. உங்க உயரத்துக்கு பி.எம்.ஐ. (உயரத்தோடு எடையை ஒப்பிடும் கணக்கு) 25 என்றால் 68 கிலோ. 124இல் 68 போக 56. இந்த 56இல்தான் அறுபது, எழுபது. அறுபது என்றால் 34 கிலோ, எழுபது என்றால் 39. ஆக, ஒன்று ஒன்றரை வருடத்தில் நீங்க வந்து நிற்கும் இடம் 85க்கும் 90க்கும் நடுவில். சில டாக்டர்கள் நம்ம ஊர் உடம்புக்கு 25க்குப் பதில் 23 வைத்துக் கணக்குப் போடுவார்கள். அப்போது சதவீதம் மாறும், உடம்பிலிருந்து போகிற கிலோ மாறாது. அதனால் அடுத்த தடவை போகும்போது "எத்தனை கிலோவில் நிற்பேன்" என்று கேளுங்க.

என் கதை: 2019இல் ஸ்லீவ். உயரம் 158, எடை 118. முதல் மாதம் 10 கிலோ. மூன்று மாதத்தில் மொத்தம் 19. ஆறு மாதத்தில் 28. பதினாலாம் மாதம் 81இல் வந்து நின்றது, அதற்குக் கீழே ஒரு நாளும் போனதில்லை. இப்போது 87. அந்த ஆறு கிலோ ஏறியதற்கு அழுத அழுகை, 118இல் இருந்தபோதுகூட நான் அழுததில்லை. அப்புறம்தான் விசாரித்தேன், இப்படிக் கொஞ்சம் ஏறுவது பலருக்கும் நடக்கிறது என்று. முன்னாடியே யாராவது சொல்லியிருந்தால் அந்த ஒரு வருடம் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். அதற்குத்தான் உங்களிடம் இப்போதே சொல்கிறேன்.

கல்யாணத்துக்கு? மூன்று மாதத்தில் 105 பக்கம் வருவீங்க. முகம் வாடியிருக்கும். "என்னப்பா, உடம்புக்கு என்ன" என்று ஊரே கேட்கும். பதிலை இப்போதே யோசித்து வையுங்க.

காங்கேயம் ஐயா

எனக்கு 67 வயது. இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று சும்மாவா சொன்னார்கள்? காலையில் கொள்ளு ரசம், ராத்திரி ராகிக் களி, ஐந்து கிலோமீட்டர் நடை. நல்ல குடலை அறுத்துப் போட்டுவிட்டு அப்புறம் வாழ்நாளெல்லாம் மாத்திரை விழுங்குவதற்குப் பெயர் வைத்தியமா?

வார்டு சிஸ்டர், கோவை

ஐயா, கொள்ளும் நடையும் நல்லதுதான், ஆபரேஷனுக்கு அப்புறமும் அதுதான் வேண்டும். ஆனால் 124 கிலோவில் இருப்பவர் சாப்பாட்டைக் குறைத்தால் உடம்பு சும்மா இருப்பதில்லை. பசியைக் கூட்டும், செலவழிக்கும் சக்தியைக் குறைக்கும். பத்து கிலோ குறைத்து பன்னிரண்டு ஏற்றியவர்களை நான் தினமும் பார்க்கிறேன். அவர்களெல்லாம் சோம்பேறிகள் இல்லை.

ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் எடுத்துவிடுகிறோம். மிச்சம் ஒரு குழாய் மாதிரி, அதிகபட்சம் ஒரு டீ கிளாஸ் கொள்ளும். எடுத்துப் போடும் பகுதியில்தான் கிரெலின் என்ற பசி ஹார்மோன் பெரும்பாலும் சுரக்கிறது. அதனால்தான் முதல் சில மாதம் "பசியே இல்லை சிஸ்டர்" என்பார்கள். பைபாஸில் எதையும் எடுப்பதில்லை. மேலே இரண்டு மேசைக்கரண்டி அளவுக்கு ஒரு சின்னப் பை செய்து, அதை நேராகச் சிறுகுடலில் கொஞ்சம் கீழே தள்ளிச் சேர்க்கிறார்கள். இதில் சர்க்கரை இறங்கும் வேகத்தைப் பார்த்தால் எனக்கே ஒவ்வொரு தடவையும் ஆச்சரியம்தான். எடை இரண்டு கிலோ குறைவதற்குள் இன்சுலின் அளவைப் பாதியாக்க வேண்டி வரும்.

தறிக்காரர் அண்ணா, உங்களுக்கு ஒன்று. சர்க்கரை வந்து நாளாகி, இன்சுலினும் போட ஆரம்பித்தவர்களுக்கு அது முழுசாக விட்டுப்போகும் வாய்ப்பு குறைவு. மாத்திரை குறையும், அளவு கட்டுக்குள் வரும். அதை எதிர்பாருங்கள். நெஞ்செரிச்சல் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். ஸ்லீவ் அதைக் கூட்டிவிடக்கூடும், அப்படிப்பட்டவர்களுக்குப் பைபாஸைத்தான் யோசிப்பார்கள்.

ஆண்டுக்கணக்குக்கு வருகிறேன். சுவீடனில் 1987இல் தொடங்கி, ஆபரேஷன் செய்துகொண்ட இரண்டாயிரம் பேரை வருடக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். பைபாஸ் செய்தவர்களுக்கு முதல் ஓரிரு வருடத்தில் சராசரியாக மொத்த எடையில் 32 சதவீதம் குறைந்தது. பத்தாம் வருடம் பார்த்தால் 25. ஏழு சதவீதம் திரும்பியிருக்கிறது, ஆனாலும் கால் பங்கு எடை பத்து வருடம் தள்ளியே நின்றிருக்கிறது. பின்லாந்தில் 240 பேரை ஸ்லீவுக்கும் பைபாஸுக்கும் பிரித்துப் பார்த்த ஆய்வில், ஐந்தாம் வருட முடிவில் அதிகப்படி எடையில் ஸ்லீவுக்கு 49, பைபாஸுக்கு 57 சதவீதம் குறைந்திருந்தது. தாளில் போடும் 60, 70 எல்லாம் பெரும்பாலும் முதல் இரண்டு வருடத்து உச்சம். அதை ஏன் தாளில் போடுவதில்லை என்று என்னைக் கேட்காதீர்கள்.

நாமக்கல் பண்ணைக்காரன்

அண்ணனுக்கு 2017இல் பைபாஸ். 131இல் இருந்து 90க்கு வந்தார், இப்போது 96. அவர் சாப்பாடு பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் வீட்டில் நடந்த கூத்து அதுதான்.

ஆபரேஷன் முடிந்து அஞ்சாம் மாதம் ஆடி நோம்பி வந்தது. அம்மா ஒப்புட்டு சுட்டு நெய் விட்டு வைத்தார்கள். ஒன்றே ஒன்று, முழுசாகக்கூட இல்லை. இருபது நிமிடத்தில் அண்ணனுக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது, சட்டை நனைகிற அளவுக்கு வேர்வை, திண்ணையில் படுத்துவிட்டார். ஹார்ட் அட்டாக் என்று நினைத்து நான் காரை எடுத்துவிட்டேன். போனில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "இனிப்பு சாப்பிட்டாரா?" டம்பிங் என்று பெயராம். சர்க்கரை ஒரேயடியாகக் குடலுக்குள் கொட்டினால் இப்படி. ஒரு மணி நேரத்தில் சரியாகிவிட்டது, பேதியோடு. இன்றுவரை ஒப்புட்டைக் கண்டால் அண்ணன் தெருவுக்கு அந்தப் பக்கம் போகிறார்.

புரோட்டீன் ஒரு நாளைக்கு 60 முதல் 80 கிராம் வேண்டும் என்றார்கள். ஒரு முட்டையில் 6 கிராம்தான். நாமக்கல்லில் இருந்துகொண்டு முட்டைக்குப் பஞ்சமில்லை, ஆனால் இரண்டு முட்டைக்கு மேல் அந்தப் பை ஒத்துக்கொள்ள வேண்டுமே! முதல் நாலு மாதம் பவுடர் இல்லாமல் ஆகவில்லை. சாப்பாட்டில் முதல் வாய் முட்டையோ கறியோ பருப்போ, கடைசி வாய்தான் சோறு. நம் வழக்கத்துக்கு நேர் தலைகீழ். தண்ணீரும் சாப்பாட்டோடு கூடாது, அரை மணி நேரம் கழித்துத்தான்.

தறிக்காரன், குமாரபாளையம்

எல்லோருக்கும் நன்றிங்க. 85–90 என்று அக்கா சொன்னதும் முதலில் மனசு தொங்கிப்போச்சு, பொய் சொல்லவில்லை. அப்புறம் ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்தேன். 90 கிலோவில் நான் கடைசியாக இருந்தது என் கல்யாணத்தின்போது. அது நல்ல காலம்தான். நெஞ்செரிச்சலும் இருக்கிறது, சிஸ்டர் சொன்னதால் டாக்டரிடம் சொல்லிவிட்டேன். பைபாஸ் என்று முடிவாகியிருக்கிறது. இன்சூரன்ஸ் கிடைக்குமா?

மஞ்சள் மண்டி, ஈரோடு

கிடைக்கும், நிபந்தனையோடு. ஐ.ஆர்.டி.ஏ.ஐ. (இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம்) விதிப்படி பி.எம்.ஐ. 40 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். இல்லையென்றால் 35 அல்லது அதற்கு மேல் இருந்து, கூடவே கட்டுக்குள் வராத டைப் 2 சர்க்கரை, கடுமையான ஸ்லீப் ஆப்னியா (தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது), இதய நோய் மாதிரி ஏதாவது இருந்து, மற்ற வழியில் குறைக்கப் பார்த்தும் முடியவில்லை என்று இருக்க வேண்டும். உங்களுக்கு 45 வருகிறது. ஆனால் காத்திருப்புக் காலம் பாலிசிக்குப் பாலிசி வேறு. அட்மிட் ஆவதற்கு முன்னாடியே எழுத்தில் ஒப்புதல் வாங்குங்க. எங்க மாமா வாய்ச்சொல்லை நம்பிப் போய்ப் பணத்தைக் கையிலிருந்து கட்டினார்.

பழைய கதை, திருப்பூர்

எல்லாம் நல்லதாகவே சொல்கிறீர்கள், கெட்டதையும் ஒருத்தன் சொல்ல வேண்டும். ஆறு வருடம் முன்னாடி ஸ்லீவ். 136இல் இருந்து 98. இப்போது 125.

ஆபரேஷன் செய்த இடத்தில் மூன்று மாதம் வரை போன் மேல் போன். அப்புறம் ஒருவரும் கூப்பிடவில்லை, நானும் போகவில்லை. எங்கே தப்பு என்று நானே சொல்கிறேன். சோறு நிஜமாகவே நாலு கரண்டிக்கு மேல் இறங்காது. ஆனால் டீ இறங்கும். பனியன் கம்பெனியில் சீசன் நேரத்தில் ராத்திரி பன்னிரண்டு வரை வேலை, ஒரு நாளைக்கு எட்டு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. மேசை டிராயரில் மிக்சர் பாக்கெட். ஒரு கை, அரை மணி கழித்து இன்னொரு கை. வயிறு எப்போதும் நிறைந்த மாதிரியே இருக்கவில்லை, நான் சாப்பிட்ட மாதிரியும் இல்லை. அப்புறம் வாரக் கடைசியில் தண்ணி வேறு. ஆபரேஷனுக்கு அப்புறம் ஒரு கிளாஸ் இரண்டு கிளாஸாக ஏறும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை, அல்லது சொன்னது காதில் விழவில்லை.

வயிற்றைத்தான் சின்னதாக்கினார்கள் தம்பி, டிராயரை இல்லை.

பெருந்துறை அக்கா

திருப்பூர்த் தம்பி, இதை எழுதியதற்கு உங்களுக்குக் கும்பிடு. திரும்பப் போய்க் காட்டுங்க. எடை ஏறினவர்களுக்கும் வழி இருக்கிறது. மருந்து, டயட், தேவைப்பட்டால் ஸ்லீவைப் பைபாஸாக மாற்றுவதுகூட. வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டில் உட்காருவதுதான் ஆகாது.

கோபி பொண்ணு

எனக்கு 29. பி.சி.ஓ.டி. (சினைப்பை நீர்க்கட்டி), கல்யாணமாகி நாலு வருடம். ஆபரேஷன் செய்தால் குழந்தை தங்குமா? மாமியார் "அறுத்த வயிற்றில் எப்படி" என்கிறார்கள். முடி கொட்டுமாமே, அதுவும் பயமாக இருக்கு.

வார்டு சிஸ்டர், கோவை

அறுப்பது இரைப்பையை, கருப்பையை இல்லைம்மா, மாமியாரிடம் படம் வரைந்து காட்டுங்கள். எடை இறங்கினால் மாதவிலக்கு ஒழுங்காகி, கரு தங்கும் வாய்ப்பு கூடுகிறது. அதனால்தான் எச்சரிக்கையும் உண்டு: எடை வேகமாக இறங்கும் முதல் ஒன்று, ஒன்றரை வருடம் குழந்தை வேண்டாம், தடுப்பு முறையை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். "எனக்குத்தான் நிற்காதே" என்று அசட்டையாக இருந்து நாலாம் மாதமே வந்து நின்றவர்கள் உண்டு.

முடி கொட்டும். மூன்றாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரை சீப்பைப் பார்த்தாலே அழுகை வரும். பெரும்பாலானவர்களுக்கு ஒரு வருடத்துக்குள் திரும்ப முளைத்துவிடும், புரோட்டீனும் இரும்புச்சத்தும் சரியாக இருந்தால்.

தறிக்காரன், குமாரபாளையம் *(ஆபரேஷன் முடிந்து 24ஆம் நாள்)*

அவசரக் கேள்விங்க. ஆபரேஷனுக்கு முன்னாடி ஈரலைச் சுருக்க இரண்டு வாரம் டயட் போட்டார்கள், அதிலேயே 120. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, மூன்றாம் நாள் வீடு. இன்சுலினை அங்கேயே நிறுத்திவிட்டார்கள். பதினைந்தாம் நாள் 113.5. சந்தோஷம் தாங்கவில்லை. அன்றிலிருந்து இன்றுவரை ஒன்பது நாளாக அதே 113.5! கஞ்சித் தண்ணியும் பவுடரும் கடைந்த பருப்பும் தவிர வேறொன்றும் வாயில் படவில்லை. தராசு கெட்டுப்போச்சோ என்று அரிசி மூட்டையைத் தூக்கி வைத்துப் பார்த்தேன். சரியாக 25 காட்டுகிறது. எனக்கு மட்டும் ஆபரேஷன் பலிக்கவில்லையா?

அம்மா வேறு. நாலு ஸ்பூன் பருப்பைக் கிண்ணத்தில் வைத்துக்கொண்டு நான் அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "கோழி கொத்தற மாதிரி கொத்தறயே சாமி" என்று முந்தானையில் கண்ணைத் துடைக்கிறார்கள்.

பெருந்துறை அக்கா

மூன்றாம் வாரமா? நின்றே தீரும். எனக்கு இருபதாம் நாளிலிருந்து பதினொரு நாள் நின்றது. முதல் இரண்டு வாரம் போனதில் கணிசமான பங்கு தண்ணீர். உடம்பு சேமித்து வைத்திருக்கும் கிளைக்கோஜன் ஒவ்வொரு கிராமோடும் மூன்று கிராம் தண்ணீரைக் கட்டி வைத்திருக்கும். பட்டினியில் அது கரையும்போது தண்ணீரும் போகும், தராசு ஓடும். அப்புறம் உடம்பு சுதாரித்துத் தண்ணீரைப் பிடித்து வைக்கும், உள்ளே கொழுப்பு கரைந்துகொண்டேதான் இருக்கும். டெய்லர் டேப் எடுத்து இடுப்பை அளந்து எழுதி வையுங்க. தராசைப் பரண்மேல் போட்டுவிட்டு வாரம் ஒரு நாள் இறக்குங்க.

வார்டு சிஸ்டர், கோவை

எடை நிற்பதற்குப் பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது வேறு. காய்ச்சல், வயிற்றுவலி, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நாடி வேகமாக ஓடுவது, காலில் ஒரு பக்கம் மட்டும் வீக்கம், மூச்சு வாங்குவது – இதில் எது வந்தாலும் காலை வரை காத்திருக்கக் கூடாது. வாந்தி நிற்காமல் இரண்டு நாள் போனாலும் அப்படித்தான், தயமின் (வைட்டமின் பி1) குறைந்து நரம்பைத் தாக்கிவிடும். பித்தப்பையில் கல் வராமலிருக்கக் கொடுத்த மாத்திரையைப் பாதியில் விடாதீர்கள். முதுகுவலிக்கு மெடிக்கலில் நீங்களாக மாத்திரை வாங்கிப் போடவே கூடாது. புரூஃபென், டைக்ளோஃபினாக் வகையெல்லாம் பைபாஸ் செய்த இடத்தில் புண்ணாக்கும்.

அம்மாவைக் கையோடு டயட்டீஷியனிடம் கூட்டிப் போங்கள்.

தறிக்காரன், குமாரபாளையம் *(ஏழாம் மாதம்)*

ரொம்ப நாளாச்சு. எடை நின்ற பன்னிரண்டாம் நாள் தராசு நகர்ந்தது, ஒரே வாரத்தில் இரண்டரை கிலோ. கல்யாணத்துக்கு 105இல் போனேன். அக்கா சொன்னது அப்படியே நடந்தது. பந்தலில் பதினோரு பேர் "என்ன சீக்கு" என்று கேட்டார்கள், எண்ணினேன். பந்தியில் சம்பந்தி வீட்டார் இலையில் போட்டுக்கொண்டே போனார்கள், மறுக்க மறுக்க இன்னொரு கரண்டி. கடைசியில் மச்சான் பக்கத்தில் உட்கார்ந்து என் இலையையும் சேர்த்துச் சாப்பிட்டான். 50 கிலோ கணக்குப் போட்ட பாவத்துக்குப் பரிகாரமாம்.

இப்போது 95. சர்க்கரை மூன்று மாத சராசரி 9.4இல் இருந்து 6.3, ஒரு மாத்திரை மட்டும். குறட்டை நின்றுவிட்டது. சத்தம் இல்லாமல் தூக்கம் வரவில்லை என்று இப்போது அதற்கும் குறை சொல்கிறாள் வீட்டுக்காரி. போன வாரம் சென்னிமலை 1320 படியும் ஏறினேன், ஆறு இடத்தில் உட்கார்ந்து. முடி கொட்டிக்கொண்டிருக்கிறது. வயிற்றுத் தோல் காலிக் கோணிப்பை மாதிரி மடிந்து கிடக்கிறது, வேர்வையில் அரிக்கிறது. அதை யாராவது சரிசெய்திருந்தால் சொல்லுங்க. புரட்டாசி வேறு, வீட்டில் கறி முட்டை கிடையாது. தட்டப்பயிறும் தயிரும் பனீரும் பவுடருமாக ஒப்பேற்றுகிறேன்.

ஒன்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். எங்கள் பட்டறையில் தறிக்கும் தறிக்கும் நடுவில் சந்து குறுகல். அறுந்த நூலைக் கட்டப் போனால் நான் பக்கவாட்டில் நண்டு மாதிரித்தான் நகர்ந்து போவேன், சட்டை பித்தான் தறியில் மாட்டிக் கிழிந்தது எத்தனை தடவை! நேற்று நூல் அறுந்தது, போனேன், கட்டினேன், வந்துவிட்டேன். நேராக நடந்து போனேன் என்பதே டீ குடிக்கும்போதுதான் உறைத்தது.

பெருந்துறை அக்கா

படித்துக் கண் கலங்கிப்போச்சு தம்பி. தோல் மடிப்பில் குளித்ததும் ஈரம் இல்லாமல் துடையுங்க. அரிப்பு விடவில்லை என்றால் தோல் டாக்டரைப் பாருங்க. அறுத்து எடுப்பதெல்லாம் எடை ஒரே இடத்தில் நிலைத்து நின்ற அப்புறம்தான்.

சரி, இவ்வளவு எழுதியவர் ஆறாம் மாத ரத்தப் பரிசோதனையில் பி12, இரும்பு, வைட்டமின் டி எவ்வளவு என்று எழுதவே இல்லையே. எடுத்தீங்களா, சர்க்கரை மட்டும் பார்த்துவிட்டு வந்துட்டீங்களா?

தறிக்காரன், குமாரபாளையம்

மாட்டிக்கிட்டேனுங்க அக்கா. நாளைக்குக் காலையில் போகிறேன்.